விரல் எண்ணெய்

வேகத்தடையில் வண்டி மெதுவாகும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வியாபாரம் முடிந்தாக வேண்டும். பொந்தால் ஊருக்குப் பிரியும் சாலையில் முந்திரிப்பழம் விற்பவர்களும் இளநீர் விற்பவர்களும் அதற்குப் பழகியிருந்தார்கள். ஜெனில்சாவுக்கு மட்டும் அவர்களிடம் இல்லாத ஒரு வசதி இருந்தது. அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள்.

"பாருங்க சார், இவங்க எங்கக்கா மரினால்வா. அலையாத்திச் சேத்துல நண்டு பிடிச்சுப் பிடிச்சே முட்டி தேஞ்சு போனவங்க. சுவத்தைப் பிடிக்காம எழுந்திரிக்க மாட்டாங்க. இப்பப் பாருங்க. அக்கா, உட்காரு."

மரினால்வா குந்தி உட்காருவாள்.

"எழுந்திரி."

எழுந்திரிப்பாள். கார்க் கண்ணாடி இன்னும் கொஞ்சம் இறங்கும். ஜெனில்சா பச்சை எண்ணெய் நிரப்பிய சின்ன பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டுவாள். பெரும்பாலும் அதற்குப் பிறகு பேச்சுக்கு வேலை இருக்காது.

எண்ணெய் கடலிலிருந்து வந்தது. கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத தொலைவில், வாள்மீன் பிடிக்கும் பெரிய படகுகள் அடிவானம் வரை தூண்டில் கயிறு விடுகின்றன. தூண்டில்களுக்கு மேலே ஒரு விரல் நீளத்தில் பிளாஸ்டிக் குச்சி கட்டுவார்கள். வளைத்தால் உள்ளே ஏதோ நொறுங்கும், குச்சி பச்சையாக ஒளிரும். இருட்டான ஆழத்தில் வாள்மீன் அந்த வெளிச்சத்தைத் தேடி வரும். கயிற்றை இழுத்து ஏற்றும்போது குச்சி மங்கியிருக்கும். மங்கியதை எவன் பத்திரப்படுத்துவான், அறுத்துக் கடலில் எறிந்துவிடுவார்கள். நீரோட்டம் அவற்றைப் பொந்தால் கரையில் கொண்டுவந்து தள்ளும்.

ஊர் அவற்றுக்குக் கடல் தெய்வம் இயெமான்ஜா அம்மாவின் விரல் என்று பெயர் வைத்திருந்தது. பிப்ரவரி மாதத்தில் பூவும் சீப்பும் வாசனைச் சோப்பும் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடலின் தாய்க்குக் கொடுக்கிறார்கள். கொடுத்ததற்குப் பதிலாக அவளும் ஏதாவது அனுப்புவாள்தானே என்பது பேச்சு. அர்ஜெமிரோ அப்படி நம்பவில்லை. அவர் வாள்மீன் படகில் வேலை பார்த்து, தோள் விலகி, கரைக்கு வந்துவிட்டவர். அந்தக் குச்சிகளைத் தன் கையாலேயே கடலில் எறிந்தவர். ஆனாலும் ஒரு குச்சியின் நுனியைக் கத்தியால் சீவி, உள்ளே இருந்ததைத் தோளில் தேய்த்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"வழுவழுன்னு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. உன் முட்டிக்கும் கொஞ்சம் போட்டுப் பாரு" என்று மரினால்வாவிடம் கொடுத்தார்.

அவள் போட்டாள். தோல் சூடேறி முள் முள்ளாகக் குத்தியது.

"சுருசுருங்குதா?"

"ஆமா."

"அப்ப வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

வலி குறையத்தான் செய்தது. பிற்பாடு மரினால்வா அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறாள். எண்ணெய் கிடைத்த நாள் முதல் சாயங்காலம்தோறும் அவள் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியைத் தன் கையாலேயே நிதானமாக நீவிவிட்டாள். அதற்கு முன் அந்த முட்டியை அவள் உள்பட யாரும் அக்கறையாகத் தொட்டதில்லை. குறைத்தது எண்ணெயா, கையா என்று அன்றைக்கு அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

தங்கை ஜெனில்சா அதை வியாபாரமாக்கினாள். அவள் புருஷன் சல்வதோர் நகரத்தில் கட்டட வேலைக்குப் போய், முதலில் பணம் அனுப்புவதை நிறுத்தினான், பிறகு வருவதை நிறுத்தினான். இருமல் மருந்து பாட்டில்களைக் கழுவி, எண்ணெயை வடிகட்டி ஊற்றி, சாலைக்குக் கொண்டுபோனாள். அதில் வந்த வருமானத்தில் வீட்டுக்கு ஓடு மாற்றினாள். பின்பக்கம் ஓர் அறை கட்டினாள். "இது உனக்கு அக்கா, உன் முட்டி சம்பாதிச்ச ரூம்" என்றாள். மரினால்வா அங்கே குடிவந்தாள்.

முட்டிக்குக் கீழே தோல் சிவந்தது அதற்கப்புறம்தான். சிவந்த இடம் உரிந்தது, உரிந்த இடம் வெடித்தது. வெடிப்பிலிருந்து நீர் கசிந்து பாவாடையில் ஒட்டிக்கொண்டது. சேற்றில் இறங்கினால் உப்பு பட்டு உயிர் போயிற்று. அவள் நண்டுக்குப் போவதை நிறுத்தினாள், நீளமான பாவாடை தைத்துக்கொண்டாள். வேகத்தடையில் உட்கார்ந்து எழுவது மட்டும் நடந்துகொண்டிருந்தது. கார்க்காரர்களின் கேள்வி முட்டி மடங்குகிறதா என்பதுதான். தோலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"எண்ணெய்தாண்டி சுடுது" என்றாள் தங்கையிடம்.

"உனக்குச் சர்க்கரை இருக்கும்."

சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை.

"அப்ப ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும். அக்கா, ஊரே தேய்க்குது. உனக்கு மட்டும் எப்படி?"

"ஊர்ல யாரு என்னை மாதிரி தினம் தேய்ச்சா? நீதானே தேய்க்கச் சொன்னே, மினுமினுன்னு தெரியணும்னு."

ஜெனில்சா பாட்டில்களைத் துடைத்தபடி இருந்தாள். "சோறு ஆறுது, வா" என்றாள்.

அதனால்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வேதியியல்காரி வருகிறாள், விரலைப் பற்றிப் பேசப் போகிறாள் என்று தெரிந்தபோது மரினால்வா நாளை எண்ணிக் காத்திருந்தாள். தான் சொன்னால் நம்பாத தங்கை, படித்தவள் சொன்னால் நம்பாமல் போக முடியாது என்று நினைத்தாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இந்த எண்ணெய்தான் உன் அக்கா காலைச் சுட்டது என்று யாராவது ஜெனில்சாவின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். ஜெனில்சா பாட்டிலைக் கீழே வைக்க வேண்டும்.

மீனவர் சங்கக் கொட்டகையில் கூட்டம். மத்தியான வெயில் உள்ளே வராதபடி ஜன்னல்களில் பழைய பாய்மரத் துணியைக் கட்டியிருந்தார்கள். வந்தவள் பெயர் லிஜியா. ஒல்லியாக இருந்தாள், சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தாள்.

"டாக்டரம்மா, எனக்கு நெஞ்சு எரிச்சல்" என்று முன்வரிசையிலேயே ஒருவர் ஆரம்பித்தார்.

"நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லைங்க. ரசாயனம்."

"எரிச்சலும் ரசாயனம்தானே?"

லிஜியாவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஒரு குச்சியை நீளவாக்கில் அறுத்து எல்லோரும் பார்க்கும்படி பிடித்தாள். பிளாஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று இருந்தது.

"கண்ணாடிக்குள்ள இருக்கறது ஹைட்ரஜன் பெராக்சைடு. பார்லர்ல முடியை வெளுக்கப் போடறாங்களே, அதே சாதி. கண்ணாடிக்கு வெளிய இருக்கறது எண்ணெய். அதுல ரெண்டு சாமான் கரைஞ்சிருக்கு. ஒண்ணு ஆக்சலேட்னு ஒரு பொருள், இன்னொண்ணு சாயம். வளைச்சா கண்ணாடி உடையும், ரெண்டு பக்கமும் கலக்கும்."

அறுக்காத இன்னொரு குச்சியை எடுத்து வளைத்தாள். நொறுங்கும் சத்தம் கேட்டது. கொட்டகையின் இருட்டில் பச்சை வெளிச்சம் அவள் மோவாயில் விழுந்தது. தினமும் காலில் இடறும் சாமான்தான் என்றாலும் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"கலந்ததும் நடுவுல ஒரு பொருள் பிறக்குது. அதால நிலைச்சு நிக்க முடியாது. பிறந்த உடனே உடையுது. உடையறப்ப தன்கிட்ட இருக்கற சக்தியைச் சாயத்துக்கிட்டத் தள்ளிவிட்டுடுது. சாயத்தாலயும் அதை வச்சுக்க முடியலை. வெளிச்சமா வெளிய விட்டுடுது. நெருப்பு இல்லை, சூடு இல்லை."

"எங்க ஊர்ல ஒரு சேதி சொன்ன மாதிரின்னு சொல்லுங்க" என்றார் அர்ஜெமிரோ பின்னாலிருந்து. "யாருக்கிட்டயும் நிக்காது."

"அணைஞ்ச பிறகு என்னங்க மிச்சம் இருக்கும்?" யாரோ கேட்டார்கள்.

"வெளிச்சம்தான் போயிடுது, சாமான் எங்கயும் போறதில்லை. குளோரின் சேர்ந்த ஃபீனால்னு ஒண்ணு மிஞ்சும். அது தோலைச் சுடும்."

மரினால்வா எழுந்தாள். பேசுவதற்கு முன் பாவாடையை முட்டி வரைக்கும் தூக்கினாள். ஊர் அதுவரை பார்த்திராதது அது. பக்கத்தில் இருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது அந்த எண்ணெய் சுட்டதுதானே? எந்தங்கச்சி இருக்கா, அவளுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."

லிஜியா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாத ஆள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"கண்ணால பாத்து இதுதான் காரணம்னு சொல்ற உரிமை எனக்கு இல்லைங்கம்மா. தோல் டாக்டர் பாக்கணும். ஆனா அணைஞ்ச குச்சியில மிஞ்சறது இந்த மாதிரி பண்ணும். கட்டாயம் பண்ணும்."

ஜெனில்சா சுவரோரமாக நின்றிருந்தாள். கையைத் தூக்கினாள். அவள் குரலில் கோபம் இல்லை. நல்ல மாணவி கேட்பது போல் கேட்டாள்.

"டாக்டரம்மா, சில விரல் உடையாமலே கரைக்கு வருது. அதுக்குள்ள அந்தச் சுடற சாமான் இருக்குமா?"

"உடையாததுல அது இன்னும் பிறக்கவே இல்லை. ரெண்டும் சந்திக்கலையே. ஆனா அந்த எண்ணெயும்..."

பேசிக்கொண்டே லிஜியா கையிலிருந்த குச்சியைச் சுடுதண்ணீர்க் கண்ணாடிக் குவளைக்குள் போட்டாள். சூட்டில் வேகம் கூடும், பளிச்சென்று எரிந்து சீக்கிரம் அணையும் என்று காட்டுவதற்காக வைத்திருந்த குவளை. தண்ணீர் முழுவதும் பச்சையாகப் பற்றிக்கொண்டது. கொட்டகை ஒரே குரலாக ஓவென்றது. ஆட்கள் பெஞ்சின் மேல் ஏறினார்கள். "ஐஸ்ல போடுங்க, ஐஸ்ல போடுங்க" என்றார்கள். ஐஸில் போட்ட இன்னொன்று மங்கிச் சோம்பலாக ஒளிர்ந்தது. "இது அர்ஜெமிரோ, அது அவர் பொண்டாட்டி" என்று யாரோ சொல்ல, சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அந்த எண்ணெயும் தோலுக்கு ஆகாது, உடைந்தாலும் உடையாவிட்டாலும் தேய்க்காதீர்கள் என்று லிஜியா சொல்லத்தான் செய்தாள். முன்வரிசையில் நின்றிருந்த மரினால்வாவுக்கு அது நன்றாகக் கேட்டது. தங்கைக்குக் கேட்டிருக்காது என்று நினைத்து, கூட்டம் முடிந்ததும் லிஜியாவைக் கார் வரைக்கும் விரட்டிப் பிடித்து, ஜெனில்சாவையும் கையோடு இழுத்து வந்து நிறுத்தினாள்.

"இவகிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க."

லிஜியா பொறுமையாகத் திரும்பவும் சொன்னாள். உடையாத குச்சியின் எண்ணெய் மூலமாக ஏற்கெனவே சிலருக்கு ஒவ்வாமை வந்திருக்கலாம் என்றும், அதைத் தோலில் போட்டுச் சரி என்று யாரும் சோதித்ததில்லை என்றும் சொன்னாள்.

"சரிங்க டாக்டரம்மா" என்றாள் ஜெனில்சா. ஒரு பை முந்திரிப்பழத்தைக் கார் ஜன்னல் வழியாக உள்ளே வைத்தாள். "வழியில சாப்பிடுங்க. ரொம்ப நல்லாப் புரியற மாதிரி சொன்னீங்க."

வீட்டுக்கு நடக்கும்போது மரினால்வாவுக்குக் கால் எரிச்சல்கூட உறைக்கவில்லை.  ஜெனில்சாதான் முதலில் பேசினாள்.

"நீ சொன்னது சரிதான் அக்கா. எண்ணெய்தான் சுட்டிருக்கு."

மரினால்வா நின்றுவிட்டாள். இதைத்தானே கேட்கக் காத்திருந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"செத்த விரலா பாத்துப் பாத்து உனக்குத் தேய்ச்சிருக்கோம்" என்றாள் தங்கை. "புத்தியில்லாம. உயிரோட இருக்கறதை எடுத்திருக்கணும்."

அடுத்த வாரத்திலிருந்து ஜெனில்சா கரையில் பொறுக்குவதை விட்டுவிட்டாள். துறைமுகத்தில் வாள்மீன் படகு ஆட்களைப் பிடித்து, வெள்ளிக் காகித உறை பிரிக்காத குச்சிகளாகவே வாங்கி வந்தாள். நுனியைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி உடையாமல் எண்ணெயை மட்டும் சாய்த்து ஊற்றுவதில் அவள் விரல்கள் மிகப் பதமாகிவிட்டன. கண்ணாடிக் குழாயைத் தனியாக ஒரு வாளியில் போட்டு, கிணற்றங்கரைக்கு அப்பால் புதைத்தாள். அசுத்தம் எதுவும் தங்கக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

"பின்னாடி அந்தம்மா சொன்னது உனக்குக் கேக்கலையாடி? கார்கிட்ட நின்னு கேட்டியே."

"கேட்டேன். வந்திருக்கலாம்னு சொன்னாங்க. சோதிச்சதில்லைன்னு சொன்னாங்க. நாம இத்தனை வருஷமாச் சோதிச்சுக்கிட்டுத்தானே இருக்கோம்?"

"என் மேல சோதிச்சே."

"நீ கோபத்துல கேட்டே அக்கா. நான் நிதானமாக் கேட்டேன்."

லிஜியா கொடுத்துவிட்டுப் போன போஸ்டர் ஒன்று சங்கக் கொட்டகைச் சுவரில் இருந்தது. ஒளிரும் பச்சைக் குச்சி, அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. ஒளிராத குச்சியைப் படம் போட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று ஒளிர்வதை வரைந்திருந்தார்கள். ஜெனில்சா இன்னொரு பிரதியைக் கேட்டு வாங்கி வந்து தன் தட்டுவண்டியின் முன்பக்கத்தில் ஒட்டினாள். "பாருங்க, எரிஞ்ச விரலுக்குத்தான் தடை. பல்கலைக்கழகமே போட்டிருக்கு. நம்மளுது எரியாதது."

மரினால்வா ஊரில் சொல்லிப் பார்த்தாள். மீன் ஏலம் விடும் இடத்தில் சொன்னாள், ரொட்டிக் கடை வாசலில் சொன்னாள். கேட்டவர்கள் அனுதாபமாகத் தலையாட்டினார்கள். "ஆமாமா, அர்ஜெமிரோ விக்கிறானே அந்தப் பழசு, அதைத் தொடவே கூடாது" என்றார்கள்.

ஜெனில்சாவைப் பார்த்து அர்ஜெமிரோவும் அடுத்த வேகத்தடையில் கடை போட்டிருந்தார், இன்னமும் கரையில் ஒதுங்கிய விரல்களின் எண்ணெயைத்தான் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு நாள் வீட்டு வாசலுக்கு வந்தார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, நீ என்கூட வந்து நில்லு. நீ உண்மையைச் சொன்னாப் போதும். உன் காலைச் சுட்டது ஜெனில்சா வித்த எண்ணெய்தான்னு சொல்லு."

"ஆமா, அவ வித்ததுதான். எனக்கு முதல்ல குடுத்தது நீங்க."

"அது பழைய கதை."

"உங்களுதும் சுடும், அவளுதும் சுடும். அப்படிச் சொல்றதுன்னா வர்றேன்."

அர்ஜெமிரோ தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். "அப்படிச் சொன்னா எவன் வாங்குவான்?" என்றார், அவளுக்காக வருத்தப்படுகிறவர் போல.

மரினால்வாவால் சேற்றுக்குப் போக முடியவில்லை. வேறு வேலையும் தெரியாது. ஜெனில்சா காலையில் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்து, காப்பி போட்டு, அக்கா அறைக்குக் கொண்டுவந்து வைத்தாள். காலுக்குச் சுகாதார நிலையத்துக் களிம்பும் வாங்கி வந்தாள். தேய்த்தும் விட்டாள். அவள் கை மென்மையாக இருந்தது. பார்த்தால் உள்ளங்கை முழுவதும் தோல் வழுவழுப்பாகி, ரேகைகளே மங்கியிருந்தன.

"உன் கையைப் பாருடி."

"வேலை செய்யற கை அப்படித்தான் இருக்கும்."

களிம்பு போட்டு முடித்து, பாவாடையை இழுத்து மூடிவிட்டு, ஜெனில்சா அவளைப் பார்க்காமலே சொன்னாள்.

"சாலைக்கு நீயும் வா அக்கா. சும்மா ரூம்லயே உட்கார்ந்திருந்தா மனசுக்கு ஆகாது."

மரினால்வா போனாள். பழையபடி குந்தி எழச் சொல்வாள் என்று நினைத்தாள். முடியாது என்று சொல்ல வார்த்தைகளைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தாள். ஆனால் ஜெனில்சா அவளுக்காக நிழலில் ஒரு நாற்காலி போட்டிருந்தாள். முதல் கார் மெதுவாகியதும், "அக்கா, பாவாடையைக் கொஞ்சம் தூக்கு" என்றாள்.

ஓட்டி வந்தவள் கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண். பக்கத்து இருக்கையில் அவளுடைய அம்மா போல ஒரு கிழவி, மடியில் பை.

"பாருங்கம்மா. எங்கக்காதான். செத்த விரல் எண்ணெய் பண்ணின வேலை இது. அடுத்த தடையில ஒருத்தர் விக்கிறார், தயவுசெஞ்சு வாங்கிடாதீங்க. நம்மளுது உயிருள்ளது. உறை பிரிக்காதது."

அந்தப் பெண் காலைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ஐயோ பாவம்."

மரினால்வா நாற்காலியிலிருந்து எழுந்தாள். இடது கையால் பாவாடையைப் பிடித்தபடியே கார்க் கதவுக்குப் போனாள். "இவ கையில இருக்கறதும் இதைத்தாங்க பண்ணும்" என்றாள் தெளிவாக. "நான் தேய்ச்சுப் பாத்தவ. ரெண்டும் ஒண்ணுதான். வாங்காதீங்க."

கார்க்காரி அவளையும் ஜெனில்சாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜெனில்சா எதுவும் மறுக்கவில்லை. அக்காவின் முதுகில் கையை வைத்தாள்.

"வலியில பேசறாங்க. ஒரு தடவை சுட்டுட்டா அப்புறம் எல்லாத்தையும் பாத்துப் பயம் வந்துடுதில்லையா."

"உண்மைதான்" என்றாள் கார்க்காரி. "எங்கம்மாவும் இப்படித்தான், ஒரு மாத்திரை ஒத்துக்கலைன்னா எல்லா மாத்திரையும் விஷம்பாங்க."

பின்னால் வந்த லாரி ஒலி எழுப்பியது. பாட்டில் கைமாறியது. ஜெனில்சா தட்டுவண்டிக்குத் திரும்பி அடுத்ததை எடுத்தாள்.

அன்று முழுவதும் மரினால்வா ஒவ்வொரு காரிடமும் அதையே சொன்னாள். மத்தியானத்துக்குப் பிறகு ஜெனில்சா சொல்வதற்கு முன்பே பாவாடையைத் தூக்கினாள், வண்டி நிற்பதற்குள் அவர்கள் பார்த்துவிட வேண்டும், பார்த்துவிட்டு வேகமாகப் போய்விட வேண்டும் என்று. கார்கள் நின்றன. காலைப் பார்த்தவர்கள் பாட்டிலை உற்றுப் பார்த்து, உறை பிரிக்காததுதானே என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு வாங்கினார்கள். சாயங்காலத்துக்குள் தட்டுவண்டி காலியாகிவிட்டது.

கடைசி பாட்டிலை வாங்கியவர் ஒரு வயதான ஆள். அவசரம் இல்லாமல் வண்டியை ஓரம் கட்டி இறங்கினார். மூடியைத் திறந்து முகர்ந்தார், கொஞ்சம் எடுத்து மணிக்கட்டில் தேய்த்தார். மரினால்வா நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் விரல்கள் வட்டமாகச் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுருசுருங்குதே" என்றார் அவர்.

"வேலை செய்யுதுங்க" என்றாள் ஜெனில்சா.